உப்புக்காற்றைத் தாங்கும் சிஸ்டம்

"வீடு எங்க மக்ளே?"

கம்ப்யூட்டர் வாங்க வந்த பையனிடம் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எவ்வளவு ரூபாய் வைத்திருக்கிறாய், என்ன கேம் விளையாடுவாய் என்பதெல்லாம் பிறகு. நாகர்கோவில் செட்டிக்குளம் பக்கம் ஒரு மாடிக்கடை. பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பழுதான பெட்டிகளைத் திறந்து திறந்து தொழில் கற்றவர் அவர். குறைந்த பணத்தில் நீண்ட நாள் உழைக்கிற கேமிங் சிஸ்டத்தை இந்த மாவட்டத்தில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

"கடியபட்டணம்" என்றான் பையன்.

"கடலுக்கு எவ்வளவு தூரம்?"

கூட வந்திருந்த அம்மா முந்திக்கொண்டார். "வாசல்ல நின்னா அலை தெரியும் தம்பி."

கடைக்காரர் எஸ்டிமேட் தாளின் மூலையில் 'கடல்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

கன்னியாகுமரி சின்ன மாவட்டம். ஆனால் கடற்கரை மட்டும் சுமார் 72 கிலோமீட்டர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். முட்டம், குளச்சல், இனயம் பக்கம் உப்பு. குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்குள் எப்போதும் ஈரம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, புழுதியையும் சேர்த்துக் கொண்டுவந்து ஃபேன் இறக்கைகளில் அப்பும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி. ஒரே தொகை, ஒரே கேம் என்றாலும் ஊருக்கு ஊர் பெட்டி மாறத்தான் வேண்டும். வேறு எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர் யூடியூபில் சொல்லும் பார்ட்ஸ் லிஸ்டில் இந்தக் கணக்கு வராது. பையன் கையில் அப்படியொரு லிஸ்ட் இருந்தது. மொத்தம் 60,000 ரூபாய்.

லிஸ்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவனைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். அங்கே ஓர் அலமாரி நிறைய செத்துப்போன போர்டுகள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஊர்ப்பெயர். கொல்லங்கோடு என்று எழுதிய போர்டில் யுஎஸ்பி வாய்களின் தகரம் செம்மண் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. ராம் சொருகும் இடத்தைச் சுற்றிச் செம்பு பச்சை பூத்திருந்தது. பக்கத்தில், சிஸ்டத்துக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே ஒரு பல்லி, இரண்டு ஹீட்சிங்குக்கும் நடுவே கருகி ஒட்டியிருந்தது. கேபினெட்டின் பின்பக்க ஸ்லாட் ஒன்றின் தகரத்தைக் கழற்றிவிட்டு மூடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி பல்லிக்குப் போதும். கேபினெட்டுக்குள்ளே இருந்த சூட்டுக்கு ஒண்டப் போயிருக்கிறது.

உப்பு என்ன செய்கிறது என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். உப்புத்தண்ணீரில் மின்சாரம் ஓடும். போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக அது படர்ந்தால், செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டம் சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்காது. அணைத்து மூலையில் போட்ட சிஸ்டம்தான் ராத்திரி முழுக்க ஈரத்தைக் குடிக்கும்.

"பரீட்சைன்னு மூணு மாசம் பூட்டி வைப்பாங்க சார். லீவுல திறந்தா டிஸ்ப்ளே வராது. தினம் விளையாடுன பையன் வீட்டுப் பெட்டி நல்லா ஓடிட்டு கிடக்கும்" என்றார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "விளையாட வேண்டாம்க்கா, தினம் அரைமணி நேரம் ஆன் பண்ணி வச்சா போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

டிஸ்ப்ளே வராத பெட்டிகளில் கணிசமானவை ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் போட்டாலே எழுந்துவிடும். எல்லாக் கடைகளிலும் நடக்கிற வைத்தியம்தான். இவர் தேய்த்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கிறார். ரப்பர்த்தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே அடுத்த பழுது.

இனி எஸ்எம்பிஎஸ். இந்தக் கடையில் நான் அதிக நேரம் செலவிட்டது இதைக் கேட்டுத்தான். பையனின் லிஸ்டில் இதற்கு ஒதுக்கியிருந்த தொகை பூஜ்யம். கண்ணாடி முகப்பு வைத்து, ஆறு ஃபேனிலும் விளக்கெரியும் கேபினெட்டோடு ஒரு எஸ்எம்பிஎஸ் இலவசமாக வருகிறதே என்று விட்டிருந்தான். கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து இரண்டு எஸ்எம்பிஎஸ் எடுத்து அவன் கைக்கு ஒன்றாகக் கொடுத்தார். இரண்டிலும் 450 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. ஒரு கை தாழ்ந்தது, மற்றது காற்றில் நின்றது.

லேசானதைத் திறந்து காட்டினார். கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலையும் எகிறலையும் வடிகட்டும் காயில்களுக்கு போர்டில் இடம் அச்சடித்திருந்தது, காயில்கள் இல்லை. அந்த இடத்தில் வெறும் கம்பித்துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் தன்மேல் வாங்கிக்கொள்ளும் நீலநிற வட்டுக்கான இடமும் காலி. கெப்பாசிட்டரின் மேல் 85 டிகிரி என்று எழுதியிருந்தது. கனமான எஸ்எம்பிஎஸ்ஸில் 105 டிகிரி.

இந்த 20 டிகிரி வித்தியாசத்துக்குள்தான் 'நீண்ட நாள்' என்ற சொல்லின் கணக்கு முழுவதும் இருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 10 டிகிரி குறைந்த சூட்டில் ஓடினால் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர், 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய 11 வருஷம். அதே 2,000 மணி நேரத்தை 85 டிகிரிக்குச் சொல்லியிருந்தால், 65 டிகிரியில் 8,000 மணி நேரம்தான். மூன்று வருஷம்கூடத் தாண்டாது. போகும்போது சும்மா போகாமல் போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகிற சாமான் எஸ்எம்பிஎஸ். ஆயிரம் ரூபாய்கூடப் பெறாத ஒன்று, ஐம்பதாயிரம் ரூபாய் சாமானுக்குக் கரண்ட் கொடுக்கிறது.

80 பிளஸ் முத்திரை பற்றியும் இங்கே சொல்லவேண்டும். 2004இல் வந்த இந்த முத்திரை, கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதா, கெப்பாசிட்டர் எந்த ரகம் என்பதற்கு அது பொறுப்பேற்காது. அதனால் கடைக்காரர் முத்திரையோடு வாரண்டி வருஷத்தையும் பார்க்கிறார். ஐந்து வருஷத்துக்குக் குறைந்து வாரண்டி கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை அவர் கடல்பக்க வீடுகளுக்கு வைப்பதில்லை.

"புராசசர் 65 வாட்ஸ், கார்டு 132 வாட்ஸ். ரெண்டும் சேத்து 200தானே அண்ணே, எதுக்கு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்?" என்றான் பையன். விவரமான பையன்தான்.

"பாதி லோடுல ஓடுனா சூடு கம்மி, கேட்டியா. அடுத்த கார்டு வாங்கும்போது இத மாத்தண்டாம். உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா?"

இருந்தது. இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்று யோசிக்கவே பலருக்குப் பயம். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கண்ணிமைப்பொழுதில் சிஸ்டம் அணைந்து அணைந்து எரியும். நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் தேக்கியதை வைத்து 16 மில்லிசெகண்ட் வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் 10 மில்லிசெகண்ட் அளவில் மாறிவிடும். நார்மலில் விட்டால் அதற்குமேல் ஆகும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். இன்வெர்ட்டர் மாட்டியவர் இந்த ஸ்விட்சைத் தொடாமலே போயிருப்பார். புது யுபிஎஸ் வாங்கக் கடைக்கு வருகிறவர்களில் சிலரை, ஸ்விட்சை மட்டும் மாற்றச் சொல்லி அவர் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன்.

லிஸ்டைத் திரும்ப எடுத்தபோது, கண்ணாடி முகப்புக் கேபினெட்டைத்தான் முதலில் அடித்தார். முகப்பில் சல்லடை வைத்து, கழற்றிக் கழுவும் ஃபில்டர் உள்ளது போதும். விளக்கெரியும் ஃபேன் ஆறு வேண்டாம், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மிச்சமான பணம் அப்படியே எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போனது. பையனுக்கு விளக்கு போனதில் வருத்தம். அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. கூட்டாளிகளுக்குக் காட்ட ஒன்றாவது வேண்டாமா? கடைக்காரர் அதை அலட்சியப்படுத்தவில்லை. விளக்குப் பட்டை ஒன்று தனியாக வாங்கிப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று, தாளில் கடைசி வரியாக எழுதியே வைத்தார்.

அடுத்து சாக்கெட். புராசசரை விட அது உட்காருகிற சாக்கெட்டைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. அன்று வாங்கிய போர்டிலேயே பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். இன்டெலின் எல்ஜிஏ 1200 சாக்கெட் 2020இல் வந்து இரண்டே தலைமுறையில் முடிந்துபோனது. 2022இல் வந்த ஏஎம்5க்கு 2027 வரையாவது புது புராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அப்படியானால் நீண்ட நாளுக்கு ஏஎம்5தானே சரி?

சரிதான், ராம் விலை மட்டும் பழையபடி கிடந்திருந்தால். ஏஎம்5க்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். 2025இன் பின்பாதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் ராம் விலை மடங்குகளில் ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி, நம் கடைகளில் எல்லாம் கிடைத்துவந்த தன் குரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் ஓடுகிற ஏஐக்கும் கடியபட்டணத்துப் பையனுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம் இந்த எஸ்டிமேட் தாளில் இருந்தது. டிடிஆர்5 போட்டால் கார்டுக்குப் பணம் மிஞ்சாது.

"அக்காகிட்ட பழைய ஆபீஸ் சிஸ்டம் ஒண்ணு கெடக்குல்லா, அதுல என்ன ராம்?"

பையன் போனில் படம் காட்டினான். இன்டெல் ஆறாம் தலைமுறை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதோடு ஓரங்கட்டப்பட்ட லட்சக்கணக்கான பெட்டிகளில் ஒன்று. விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளாது. உள்ளே டிடிஆர்4 ராம், 8 ஜிபி இரண்டு. வேகம் குறைவுதான், ஆனால் பொருந்தும். அத்தோடு முடிவானது: ஏஎம்4, பி550 போர்டு, பழைய ராம். ராம் விலை இறங்குகிற அன்று வேகமான ராம் வாங்கிக்கொள்ளலாம். இந்த இடத்தில்தான் எனக்குக் கடைக்காரர் மேல் பெரிய மரியாதை வந்தது. ராம் விற்றால் அவருக்குத்தான் லாபம்.

புராசசரில் ஒரு தர்க்கம் நடந்தது. பையன் ரைசன் 5 5600ஜி கேட்டான். அதில் டிஸ்ப்ளே உள்ளேயே இருப்பதால் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் எல்3 கேஷ் 16 எம்பி, கார்டுக்கான பாதை பிசிஐஇ 3. ஜி இல்லாத 5600இல் 32 எம்பி, பிசிஐஇ 4. நாளை பாதி அகலப் பாதையில் ஓடும் கார்டு ஒன்றை வைத்தால் அந்த வித்தியாசம் விளையாட்டில் தெரியும். கார்டே இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டப்போகிறாய் என்றால் ஜி. இப்போதே வாங்கப்போகிறாய் என்றால் ஜி வேண்டாம். 5600 என்று எழுதினார்.

கார்டு செகண்ட்ஸ். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டபோது, இரவுபகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்த ஆர்எக்ஸ் 6600 ஒன்றை அவர் பரிசோதித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் ஸ்க்ரூத் தலைகளில் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்த அடையாளம். பிறகு ஃபேனை விரலால் சுற்றிவிட்டு, நிற்கும்போது தடக்குகிறதா என்று காதருகே வைத்துக் கேட்டார். கடைசியாக முழு லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சிப்பின் சராசரிச் சூட்டுக்கும் அதிகச் சூடான புள்ளிக்கும் இடையே எத்தனை டிகிரி என்று குறித்தார். வித்தியாசம் 20ஐ நன்றாகத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. பிரித்துப் புதிதாகப் போடுவார். இன்னும் மலிவாக ஜிடிஎக்ஸ் 1060 கிடைக்குமே என்றேன். அந்த வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. கார்டு துருப்பிடித்து மட்டுமல்ல, இப்படியும் சாகும். துபாயிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவரும் கார்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு: சில கம்பெனிகள் இந்திய பில் இல்லாவிட்டால் வாரண்டி தருவதில்லை.

வாரண்டி விவகாரமெல்லாம் கடையில் ஒரு பெண்ணின் பொறுப்பு. பில் போடும்போதே ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் படமெடுத்து, நோட்டிலும் எழுதிவிடுவார். பல பிராண்டுகளுக்கு சர்வீஸ் சென்டர் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ சென்னையிலோதான். பார்சல் போய் வருவதற்குள் பையன்கள் தினமும் போன் போடுவார்கள். எந்தப் பெட்டி எந்த ஊரில் எந்த நிலையில் நிற்கிறது என்பதை நோட்டைப் பார்க்காமலே அவர் சொல்லக் கேட்டேன். அசெம்பிள் கூலியாகக் கடை வாங்குவது ஒரு சிறு தொகை. சாமான்களை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு, பூட்டுவதற்கு மட்டும் இங்கே வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தச் சாமான் பழுதானாலும் வந்து சண்டை போடுவது பூட்டியவரிடம்தான். இந்த உழைப்புக்கு இன்னும் நல்ல கூலி கேட்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவர்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.

பூட்டுகிற வேலை பாலிடெக்னிக் முடித்த இளைஞர் ஒருவருடையது. அன்று வேறொருவர் ஆன்லைனில் வாங்கிய ஏஎம்4 புராசசர் ஒன்று வளைந்த பின்களோடு வந்திருந்தது. அதன் அடியில் 1,331 பின்கள். ஒரு வரிசையின் மூலையில் நான்கு பின்கள் படுத்துக்கிடந்தன. அவர் மெக்கானிக்கல் பென்சில் ஒன்றிலிருந்து லெட்டை எடுத்துவிட்டு, அந்த வெறும் குழல் முனையைப் பின்மேல் செருகி, மூச்சை அடக்கி, முடியளவு முடியளவாக நிமிர்த்தினார். ஒரே தள்ளில் நிமிர்த்தினால் ஒடியும். பிறகு ஏடிஎம் கார்டின் ஓரத்தை வரிசைகளுக்கு நடுவே நேராக ஓட்டிச் சரிபார்த்தார். சாக்கெட்டில் வைத்தபோது அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது.

பையனுடைய பெட்டியைப் பூட்டும்போது, கேபினெட்டில் போர்டுக்கு வேண்டாத இடத்தில் இருந்த பித்தளைக் கால் ஒன்றைக் கழற்றினார். அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட். ராமைப் புராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டார். காலி ஸ்லாட்டுகளின் தகரத்தை ஒன்றுவிடாமல் மூடினார். பல்லிக்காக.

ஆனால் பெட்டியை உடனே கொடுத்தனுப்பவில்லை. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று பழைய சிஸ்டத்தைப் பற்றிப் பையன் சொல்லியிருந்தான். எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே கேபினெட் தகரத்துக்கு 115 வோல்ட் அளவுக்கு வந்து நிற்கும். கரண்ட் அளவு மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி மாட்டும்போது அதுவே சிப்பைக் கொல்லும். மறுநாள் மல்டிமீட்டரோடு கடியபட்டணத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 அருகில் வரவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் நிலையில்லாமல் அலைந்தது. வீட்டுப் பின்புறம் தோண்டிப் பார்த்தால், எர்த் பைப் உப்புமண்ணில் துருப்பிடித்துப் பாதியில் அற்றுப்போயிருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து செம்பு பூசிய ராடு இறக்கினார். அதன் செலவை அம்மா தனியாகக் கொடுத்தார். வீட்டில் வாஷிங் மெஷினும் அடிக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே திரும்பவும் வைத்தபோது மீட்டர் 1.6 வோல்ட் காட்டியது.

பெட்டியை வைத்துவிட்டுக் கடைக்காரர் சொன்ன கடைசி விஷயம் நெட் கேபிளைப் பற்றி. டெலிபோன் கம்பி வழியாக நெட் வந்த காலத்தில் இடி இறங்கி, போர்டின் லேன் வாய் கருகி வரும் பெட்டிகள் ஐப்பசி முழுக்கக் கடையில் வரிசை கட்டும். இப்போது ஃபைபர், கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் இந்தத் தெருவில் கேபிள்காரர் கம்பத்திலிருந்து வீடுகளுக்கு இழுத்திருப்பது செம்புக் கம்பி.

"இடி வந்தா பிளக்க மட்டும் புடுங்காத, லேன் வயரையும் புடுங்கு மக்ளே. ஃபில்டர மாசத்துக்கு ஒருக்கா கழுவு. கார்டு மட்டும் ரெண்டு மூணு வருஷத்துல பழசாகும், அப்ப வா. மத்ததத் தொடண்டாம்."